பேரன் உயரம் கூடவில்லையா? மருமகள் தட்டைப் பாருங்கள்

கேள்வி: தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் இருக்கோம். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம். முப்பது வருசமா இட்லி வியாபாரம். விடியக்காலம் மூணு மணிக்கு அடுப்பு பத்த வைப்போம், மகன் சைக்கிள்ல கொண்டுபோய் வித்துட்டு வருவான். பேரனுக்குப் போன மாசம் ரெண்டு வயசு முடிஞ்சுது. பிறக்கும்போது 2.2 கிலோ, மாசம் நிறைஞ்சுதான் பிறந்தான். இப்ப 10 கிலோ 100. உயரம் 80 சென்டிமீட்டர். பால்வாடி டீச்சர், 'எடை பச்சையிலதான் இருக்கு, உயரம் பத்தலை'ங்காங்க. எங்க பரம்பரையே குட்டைதான், அதுல என்ன இருக்குன்னு கேட்டேன். மருமகள் மறுபடி முழுகாம இருக்கா, அஞ்சு மாசம். தெரிஞ்ச உடனே பையனுக்கு வேப்பிலை தடவிப் பாலை மறக்கடிச்சோம். அதிலேருந்து பையன் சிணுங்கிக்கிட்டே இருக்கான். டிவியில காட்டுற சத்து மாவு வாங்கிக் கொடுக்கலாமா, எது நல்லது? மருமகளுக்கு ரத்தம் 8.7தானாம். உயரம் 149, முழுகுறதுக்கு முன்னாடி 40 கிலோ, இப்ப 42. தினம் ரெண்டு சிவப்பு மாத்திரை கொடுத்திருக்காங்க, வயித்தைப் பிரட்டுதுன்னு போட மாட்டேங்கா. ஏழு மாசத்துக்கு மேல சாப்பாட்டைக் குறைச்சாதான் பிள்ளை சின்னதா இருந்து சுகப்பிரசவம் ஆகும்னு எங்க ஊர்ல சொல்வாங்க, அது சரியா?
- வாசகி, தாராவி, மும்பை

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் கேட்டது மாவைப் பற்றி. அதற்குப் பதில் சின்னது, பிறகு சொல்கிறேன். 'ரத்தம் 8.7தானாம்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும்தான் மற்றக் கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். உங்கள் பேரனின் 80 சென்டிமீட்டரும் மருமகளின் 8.7-ம் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள். அந்தக் கதை இரண்டாவது பிள்ளைக்கும் தொடராமல் நிறுத்த உங்களுக்கு இன்னும் நாலு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அந்த வீட்டில் கரண்டி உங்கள் கையில் இருக்கிறது என்பதால் மருமகளுக்கு எழுதாமல் உங்களுக்கே எழுதுகிறேன்.

முதலில் பையன். இரண்டு வயது முடிந்த ஆண் குழந்தை நின்றபடி அளந்தால் சராசரியாக 87 சென்டிமீட்டர் இருக்கும். 81-க்குக் கீழே போனால் வளர்ச்சிக் குறைவு என்று கணக்கு. இவன் 80. எடை 9.7 கிலோவுக்கு மேல் இருப்பதால் அட்டையில் பச்சைக் கோட்டுக்குள் வந்துவிட்டான். உயரமும் எடையும் ஒன்றுக்கொன்று பொருந்திப்போவதால் பார்க்கிறவர் கண்ணுக்குக் குறை எதுவும் தெரியாது. விலா எலும்பு தெரியாது, கன்னம் ஒட்டியிருக்காது. ஒன்றரை வயதுகூட ஆகாத பிள்ளையின் உயரத்தில் ஓடிக்கொண்டிருப்பான், அவ்வளவுதான். உயரத்தையும் அளந்து பார்த்து எடுத்துச் சொன்ன அந்த பால்வாடி டீச்சர் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார். அவர் சொல்வதைக் கேளுங்கள்.

பரம்பரை என்கிறீர்கள். 1997 முதல் 2003 வரை உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தது. பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா, ஆறாவதாக நம் நாட்டில் தெற்கு டெல்லி. நல்ல சாப்பாடும் தாய்ப்பாலும் சுத்தமான தண்ணீரும் கிடைத்த வீட்டுப் பிள்ளைகளை மட்டும் எடுத்தார்கள். ஐந்து வயதுவரை டெல்லிப் பிள்ளையும் நார்வே பிள்ளையும் ஏறக்குறைய ஒரே உயரம்தான். பால்வாடியில் இன்று மாட்டியிருக்கும் வளர்ச்சி அட்டை அந்த அளவீட்டிலிருந்து 2006-ல் வந்தது. சின்ன வயதில் உயரத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சாப்பாடும் நோயும். நீங்களும் குட்டை, உங்கள் அம்மாவும் குட்டை என்றால், அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கடைசியில் சாப்பிட்டிருக்கிறார்கள் என்றும் அதைப் படிக்கலாம். உங்கள் மருமகளின் 149-ம் அவர் சின்ன வயதில் சாப்பிட்ட சாப்பாட்டையே சொல்கிறது.

பேரன் மாதம் நிறைந்து பிறந்தும் 2.2 கிலோதான். 2.5-க்குக் கீழே என்றால் எடை குறைந்த பிறப்பு. அதாவது அவன் பின்தங்கத் தொடங்கியது வயிற்றுக்குள். உலக அளவில் குழந்தைகளின் உயரக் குறைவில் ஐந்தில் ஒரு பங்கு கருவிலேயே தொடங்கிவிடுகிறது என்று 2013-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். கரு உண்டான நாளிலிருந்து இரண்டாவது பிறந்தநாள் வரை ஆயிரம் நாள். அதில் முதல் 270 நாள் பிள்ளைக்குத் தனியாகத் தட்டு கிடையாது, அம்மாவின் தட்டுதான்.

இனி அந்த வேப்பிலை விஷயம். மருமகள் முழுகாமல் இருப்பது தெரிந்ததும் பாலை நிறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். பாலை மறக்கடித்ததும் சிணுங்கி, எடை நின்றுபோய், அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரியும் பிள்ளைக்கு நம் ஊரில் ஒரு பெயர் உண்டு: சவலை. உங்களுக்குத் தெரியாத சொல்லா! ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் கா மொழி பேசுகிறவர்களும் இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். குவாஷியோர்கர் என்ற அந்தச் சொல்லுக்கு, அடுத்த பிள்ளை வந்ததும் மூத்ததற்கு வரும் நோய் என்று பொருள். 1930-களில் அங்கே வேலை பார்த்த சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டரம்மா அந்தப் பெயரையே மருத்துவத்துக்குள் கொண்டுவந்தார். கடல் தாண்டி இரண்டு இடத்துப் பாட்டிமார்களும் ஒரே விஷயத்தைக் கண்ணால் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். கண்டுபிடித்தது சரி. செய்தது மட்டும் கொஞ்சம் மாறியிருக்கலாம். சிக்கல் ஏதும் இல்லாத கர்ப்பத்தில் மூத்த பிள்ளைக்குப் பால் கொடுப்பதால் வயிற்றில் இருப்பதற்குக் கெடுதல் வராது, அம்மா கூடுதலாகச் சாப்பிட வேண்டும், அவ்வளவே. நாலு மாதம் ஆகிவிட்டது, போகட்டும். அந்தப் பாலின் இடத்தில் இப்போது அவனுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

இங்கேதான் டப்பா மாவு வருகிறது. வாங்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் முக்கியச் சரக்கு மால்ட்டும் சர்க்கரையும்தான். 2024 ஏப்ரலில் மத்திய வணிகத்துறை அமைச்சகம் இணையக் கடைகளுக்கெல்லாம், இப்படிப்பட்ட பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின் கீழ் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. ஒரு டப்பாவுக்குக் கொடுக்கிற காசில் பையனுக்குத் தினம் ஒரு முட்டை என்று ஒரு மாதத்துக்கு வாங்கிவிடலாம். அதை வாங்குங்கள்.

உங்கள் வீட்டில் இட்லி இருக்கிறது, அது பெரிய வசதி. புளித்த மாவில் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். ஆனால் வியாபாரத்தில் மிஞ்சின இட்லியும் தண்ணிச் சட்னியுமே மூன்று வேளையும் பிள்ளைக்குப் போகிறது என்பது என் ஊகம், தப்பென்றால் மன்னியுங்கள். வீட்டுக்கு என்று ஒரு படி மாவைத் தனியாக எடுத்து, அதில் கேழ்வரகோ பாசிப்பயறோ சேர்த்து அரையுங்கள். சட்னியை வேர்க்கடலைச் சட்னியாக்குங்கள். பருப்பைக் கெட்டியாகக் கடைந்து, ஒரு ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ விட்டுப் பிசையுங்கள். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடக் கூடாது, அந்தப் பதம். சின்ன வயிறு, அதில் தண்ணீரை ஊற்றி நிரப்பினால் சோறுக்கு இடமிருக்காது. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு வேளை பழம், சுண்டல், தயிர் என்று கொடுங்கள். அவனுக்குத் தனிக் கிண்ணம் வையுங்கள், எவ்வளவு உள்ளே போனது என்பது உங்களுக்கே தெரியும். பால்வாடியில் கொடுக்கும் இரும்புச் சத்து சிரப், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் வைட்டமின் ஏ சொட்டு, பூச்சி மாத்திரை எதையும் விடாதீர்கள். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் பையனை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நெருக்கமான லைன் வீடுகளில் டிபி பிள்ளையின் வளர்ச்சியைப் பிடித்து நிறுத்துவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வயதுக்குப் பிறகு விட்ட உயரம் முழுவதும் திரும்பி வருமா என்றால், முழுவதும் வரும் என்று உறுதி தர மாட்டேன். ஓரளவு வரும். பிள்ளைக்குப் பேச்சும் விளையாட்டும் துணையாக இருந்தால் மூளைக்கு நிறையவே கிடைக்கும்.

மருமகளுக்கு வருவோம். கர்ப்பிணிக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 இருக்க வேண்டும், இந்த மாதங்களில் இயல்பாகவே கொஞ்சம் இறங்கி 10.5 வரை வரலாம். 8.7 என்பது நடுத்தர ரத்தசோகை. நம் நாட்டில் 2019-21 கணக்கெடுப்பில் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. எல்லாருக்கும் இருக்கிறதே என்று சாதாரணமாக எடுத்துக்கொள்வதுதான் இதில் பெரிய ஆபத்து. ஒரு கர்ப்பத்துக்கு மொத்தமாக 1,000 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு தேவைப்படுகிறது. பிள்ளை தன் முதல் ஆறு மாதத்துக்கான இரும்பை வயிற்றுக்குள் இருக்கும்போதே, அதிலும் கடைசி மூன்று மாதத்தில்தான் சேர்த்து வைத்துக்கொள்ளும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. அம்மாவிடம் இருப்பு இல்லையென்றால் பிள்ளை பாதிப் பையோடு பிறக்கிறது.

மாத்திரையை மருமகள் போடுவதில்லை என்று குறைபட்டிருக்கிறீர்கள். பல வருடம் முன்பு ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மாத்திரை எல்லாம் தீர்ந்துவிட்டது என்று அந்தப் பெண் சொன்னாள். அவள் அம்மா அரிசி எடுக்க டின்னைத் திறந்து கையை விட்டபோது, அரிசியோடு சேர்ந்து சிவப்பு மாத்திரைப் பட்டைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஒன்பது பட்டை. அந்தப் பெண் அழுதுவிட்டாள். காலையில் வெறும் வயிற்றில் போடச் சொல்லி யாரோ சொல்லியிருக்கிறார்கள், போட்டவுடன் வாந்தி, வாந்தி எடுத்துக்கொண்டே வீட்டு வேலை. யாரிடம் சொல்வாள்? நேரத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தோம், போட ஆரம்பித்துவிட்டாள்.

அதையேதான் உங்களுக்கும் சொல்கிறேன். ஒன்று மதியச் சாப்பாடு முடிந்ததும், இன்னொன்று இரவு சாப்பிட்டுப் படுக்கப் போகும்போது. கூடவே ஒரு எலுமிச்சை பிழிந்த தண்ணீரோ நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ. அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடம்புக்குள் இழுத்துக்கொண்டு போகும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ கூடாது. மும்பையில் இது கஷ்டம், தெரியும். யார் வந்தாலும் கட்டிங் சாய். ஆனால் டீ, வந்த இரும்பை வாசலிலேயே மறித்துவிடும். கால்சியம் மாத்திரையும் இதோடு சேரக் கூடாது, இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலைப் பலகாரத்துக்குப் பின் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். மாத்திரையால் பிள்ளை கறுப்பாகப் பிறக்காது, அதையும் மருமகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், பல பெண்கள் இந்தப் பயத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பூச்சி மாத்திரை இதுவரை கொடுக்கவில்லையென்றால் ஆஸ்பத்திரியில் கேளுங்கள், நாலாம் மாதத்துக்குப் பிறகு ஒருமுறை தருவார்கள்.

ஒரு மாதம் ஒழுங்காகப் போட்டால் அளவு ஒரு புள்ளியாவது ஏற வேண்டும், 8.7 என்பது 9.7-ஐத் தொட வேண்டும். ஏறவில்லையென்றால் தாராவியிலேயே இருக்கும் சோட்டா சயான் ஆஸ்பத்திரியிலோ சயான் பெரிய ஆஸ்பத்திரியிலோ காட்டி, தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், ஊசி வழியாக இரும்பு ஏற்ற வேண்டுமா என்றும் கேளுங்கள். 7-க்குக் கீழே இறங்கினால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

சாப்பாட்டால் மட்டும் 8.7-ஐத் தூக்க முடியாது, மாத்திரை கட்டாயம். சாப்பாடு அதற்குப் பக்கத்துணை. மாதுளையும் பீட்ரூட்டும் நிறத்தில் மட்டும்தான் ரத்தம், இரும்பு அவற்றில் சொற்பம். அந்தக் காசுக்குச் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்குங்கள். நம் ஊர்ப் பாட்டிமார் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆட்டுச் சுவரொட்டி சுட்டுக் கொடுப்பார்களே, அது வெறும் நம்பிக்கை இல்லை. நூறு கிராம் சுவரொட்டியில் 40 மில்லிகிராமை ஒட்டி இரும்பு இருக்கிறது, மாமிசத்தில் இருப்பதால் உடம்பில் எளிதாகச் சேரும். வாரம் ஒரு நாள், உள்ளே ரத்தம் தெரியாமல் நன்றாக வேகவைத்து மிளகு போட்டுக் கொடுங்கள். ஈரலை மட்டும் அடிக்கடி வேண்டாம், அதில் வைட்டமின் ஏ கர்ப்பத்துக்கு அளவு மீறிவிடும். மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்கீரை கிடைக்கும், பருப்போடு சேர்த்து வையுங்கள். சாளை, நெத்திலி போன்ற சின்ன மீன் மலிவாகக் கிடைக்கும் நாளில் விடாதீர்கள்.

'ரெண்டு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடு' என்று சொல்லித் தட்டை மலையாகக் குவிக்கத் தேவையில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி கர்ப்பிணிக்குக் கூடுதலாக 350 கலோரி போதும், கடைசி மூன்று மாதத்தில் 22 கிராம் புரதம் கூடுதலாக வேண்டும். இரண்டு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம்: கலோரி இதிலேயே தாண்டிவிடும், புரதமும் பெரும்பகுதி வந்துவிடும். ஒரு டம்ளர் பாலோ மோரோ சேர்ந்தால் கணக்கு நிறையும். ஆனால் உங்கள் மருமகள் 40 கிலோவில் தொடங்கியவர், அந்த உயரத்துக்கு அது குறைவு. அதனால் இதற்கும் மேலே கொஞ்சம் போகலாம். பிரசவத்துக்குள் 12 கிலோவாவது ஏற வேண்டும், இதுவரை இரண்டுதான் ஏறியிருக்கிறது. இனி வாரம் அரை கிலோ என்று குறி வையுங்கள். பால்வாடியில் கர்ப்பிணிக்குத் தரும் சத்துணவுப் பொட்டலம் நாளொன்றுக்கு 600 கலோரிக்குக் கணக்கிட்டது. அதை வீட்டுப் பானையில் கொட்டி எல்லாருக்கும் பங்கு போட்டால் யாருக்கும் பயன் இல்லை. அது அவருக்கு மட்டும்.

ஏழு மாதத்துக்கு மேல் சாப்பாட்டைக் குறைக்கலாமா என்று கேட்டீர்கள். அம்மா, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இப்போது வயிற்றில் இருக்கும் பிள்ளை அரை கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஏழு மாத முடிவில் ஒரு கிலோவைத் தாண்டும். மீதி இரண்டு கிலோவும் அதற்குப் பின்தான் ஏற வேண்டும். நீங்கள் குறைக்க நினைக்கிற அதே மாதங்களில்! சாப்பாடு குறைந்தால் பிள்ளையின் உடம்பு முதலில் மூளையைக் காப்பாற்றும், அதனால் தலை அவ்வளவாகச் சிறுக்காது. சதையும் ஈரலும்தான் வற்றும். பிரசவத்தில் வழி கேட்பது தலை. ஆக, பிரசவமும் எளிதாகாது, பிள்ளையும் வற்றிப்போகும். ரத்தம் குறைந்த அம்மா வலி தாங்கும் தெம்பில்லாமல் துவண்டுபோவாள், பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் அவள் உயிருக்கு ஆபத்து. மூத்தவன் 2.2 கிலோவில் பிறந்தானே, அப்போதும் யாராவது இப்படிக் குறைத்தார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

பப்பாளி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்காதவர்கள் குறைவு. காயைத் தொட வேண்டாம், முழுக்கக் கனிந்த பழத்தில் தப்பில்லை. மனசு ஒப்பவில்லையென்றால் கொய்யா, ஆரஞ்சு கொடுங்கள், அதற்காகச் சண்டை வேண்டாம்.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கலாம். இட்லி வியாபாரம் செய்யும் ஒரு வீட்டில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்திருந்தேன். வியாபாரம் முடிந்து வந்த ஆண்களுக்கு முதலில் பரிமாறினார்கள். பிறகு பிள்ளைகள். பிறகு மாமியார். ஆறு மாத கர்ப்பிணி கடைசியில் உட்கார்ந்தாள். அதற்குள் சாம்பாரில் இரண்டு முறை வெந்நீர் விட்டாகிவிட்டது. மீன் துண்டு போன இடத்தில் குழம்பு மட்டும். அவள் சட்டியை வழித்துச் சோற்றில் பிசைந்துகொண்டாள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. அந்த மாமியார் தங்கமானவர், தானும் அப்படித்தான் வருடக்கணக்கில் சாப்பிட்டவர். நாளையிலிருந்து, சட்டி அடுப்பிலிருந்து இறங்கியதும், மற்ற யாருக்கும் பரிமாறும் முன் மருமகளுக்கு ஒரு தட்டில் எடுத்து மூடி வைத்துவிடுங்கள். அடிப் பருப்பு, ஒரு துண்டு மீன், ஒரு முட்டை. உங்கள் மகனே பார்த்தாலும் பரவாயில்லை, பார்க்கட்டும். மாமியார் எடுத்து வைத்த தட்டை அந்த வீட்டில் யாரும் தொட மாட்டார்கள்.

மூன்று மணி அடுப்பை அவர் பொறுப்பில் விடாதீர்கள். கர்ப்பிணிக்கு இரவில் எட்டு மணி நேரத் தூக்கமும் பகலில் இரண்டு மணி நேரம் ஒருக்களித்துப் படுக்கும் ஓய்வும் வேண்டும். அடுப்பு பற்றவைப்பதும் இட்லிக் கொப்பரை தூக்குவதும் மகனுடைய வேலையாகட்டும். விறகோ மண்ணெண்ணெயோ எரித்தால் அந்தப் புகையும் பிள்ளையின் எடையைக் குறைக்கும், அந்த நேரத்தில் அவர் உள்ளே நிற்கக் கூடாது. உட்கார்ந்து சட்னி தாளிப்பது, பொட்டலம் கட்டுவது போன்றவற்றை ஏழு மணிக்கு மேல் செய்யட்டும். எழுந்ததும் முதலில் ஒரு வாழைப்பழமும் கடலை மிட்டாயும் வாயில் போட்டுக்கொள்ளட்டும்.

மருமகள் பல்லில் மிஸ்ரி, அதாவது வறுத்துப் பொடித்த புகையிலை, தேய்ப்பாரா? இங்கே வந்து அக்கம்பக்கத்தைப் பார்த்து நம் பெண்களும் பழகிவிடுகிறார்கள். பல்வலிக்கு என்று தொடங்கும், பிறகு விடாது. மும்பையில் 1,217 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப் புகையிலையை வாயில் வைக்கும் தாய்மார்களின் பிள்ளைகள் சராசரியாக 105 கிராம் குறைவாகப் பிறந்தார்கள். இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். உங்களுக்கும் இருந்தால் இருவரும் சேர்ந்தே விடுங்கள், தனியாக விடுவதைவிட அது சுலபம்.

இன்னொன்று, பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்க வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், இரவில் அடக்கி வைத்துக்கொள்வார்கள். கர்ப்பத்தில் அது மூத்திரத் தொற்றாக மாறி, காய்ச்சலில் கொண்டுவிட்டு, குறைமாதப் பிரசவம் வரைக்கும் போகலாம். இரவில் நீங்கள் துணைக்குப் போங்கள், இல்லையென்றால் வீட்டில் ஒரு மூடி போட்ட வாளி வையுங்கள். எரிச்சல் இருந்தால் உடனே காட்டுங்கள். குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றுங்கள், சமைக்கும் முன்னும் பிள்ளைக்கு ஊட்டும் முன்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் எவ்வளவு முட்டை கொடுத்தும் உயரம் ஏறாது.

ஒவ்வொரு மாதமும் 9-ந் தேதி அரசு ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளை டாக்டர் இலவசமாகப் பார்க்கும் நாள். எடை, பிரஷர், ரத்தம் மூன்றையும் தாய்-சேய் அட்டையில் எழுதி வாங்குங்கள். கடும் தலைவலி, கண் மங்கல், முகம் வீக்கம், ரத்தப்போக்கு, பிள்ளை அசைவு குறைதல், இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிட்டுவிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பிரசவ அறையில், தொப்புள் கொடியை உடனே வெட்டாமல் ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்லி முன்பே டாக்டரிடம் கேட்டுவையுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளைக்குள் போகும் ரத்தம் பல மாதத்துக்கான இரும்பு. சேனை தொட்டு வைக்கும் ஆசை உங்களுக்கு இருக்கும். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ வேண்டாம். ஒரு வயதுவரை தேன் கூடவே கூடாது, அதிலிருக்கும் கிருமி பச்சைப் பிள்ளையின் உடம்பைத் துவள வைத்துவிடும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், அதுதான் பிள்ளைக்குச் சேனை. ஆறு மாதம் தண்ணீர்கூட இல்லாமல் தாய்ப்பால் மட்டும். பிள்ளை முந்திப் பிறந்துவிட்டால் பயந்து பால் பவுடர் டின்னுக்கு ஓடாதீர்கள். சயான் ஆஸ்பத்திரியில் 1989-லிருந்தே தாய்ப்பால் வங்கி இருக்கிறது, ஆசியாவிலேயே முதலாவது. உங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான்.

பத்தியம் என்ற பெயரில் மருமகளுக்குத் தண்ணீரையும் காய்கறியையும் நிறுத்தாதீர்கள். பால் கொடுக்கும் அம்மாவுக்குக் கர்ப்பத்தைவிடக் கூடுதலாகத்தான் வேண்டும், முதல் ஆறு மாதத்துக்கு நாளுக்கு 600 கலோரி. பூண்டுக் குழம்பு, கருவாடு, கேப்பைக் கூழ், லேகியம் எல்லாம் வையுங்கள், கூடவே பருப்பும் கீரையும் பழமும். சிவப்பு மாத்திரை பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் தொடர வேண்டும். பெண் பிள்ளை பிறந்தால் பிரதான் மந்திரி மாத்ரு வந்தனா திட்டத்தில் 6,000 ரூபாய் கிடைக்கும், பால்வாடியில் விண்ணப்பம் எழுதித் தருவார்கள். அந்தப் பணம் மருமகள் பெயரில் இருக்கும் கணக்குக்குத்தான் வரும். கணக்கு இல்லையென்றால் இப்போதே தொடங்குங்கள்.

ஒரு குழந்தை பிறந்து இரண்டு வருடமாவது கழித்துத்தான் அடுத்த கரு தங்க வேண்டும். பிரசவம் ஆன கையோடு ஆஸ்பத்திரியிலேயே காப்பர்-டி வைத்துக்கொள்ளலாம். மகனிடமும் மருமகளிடமும் அதைப் பற்றி எட்டாம் மாதத்திலேயே பேசி முடிவெடுக்கச் சொல்லுங்கள், பிரசவ வலியில் யாரும் யோசிக்க முடியாது.

அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்ததும் அந்த எண்ணையும், மருமகளின் எடையையும், பேரனின் உயரத்தையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். உயரம் அளக்கும்போது சுவரில் குதிகாலும் முதுகும் ஒட்டியிருக்க வேண்டும், தலையில் ஒரு அட்டையைச் சமமாக வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். தேதியைப் பக்கத்தில் எழுத மறந்துவிடாதீர்கள்.